ஹைட்ரஜன் வரும், சிலிண்டர் நிறையுமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பழக்கழிவிலும் சாக்கடைக் கசடிலும் பாக்டீரியாவை விட்டு ஹைட்ரஜன் எடுப்பதைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழுவும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரைச் சோதித்துச் சோதித்தே என் உத்தியோக காலம் முடிந்துபோனது. அதனால் பதில்களில் மரவள்ளி வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

கே. செல்வி, ஆத்தூர்: எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சேகோ (ஜவ்வரிசி) ஆலை. கழிவுத் தண்ணீரில் இருந்து நாற்றம்தான் வருகிறது. நீங்கள் சொல்லும் ஹைட்ரஜன் எங்கே போகிறது?

அங்கேயே உண்டாகி அங்கேயே தின்னப்பட்டுவிடுகிறது, செல்வி.

கிழங்கை அரைத்து, மாவைத் தொட்டியில் படியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரைத் திறந்து விடுகிறார்கள் இல்லையா? அதில் மாவுச்சத்து நிறையவே தங்கியிருக்கும். குட்டையின் அடியில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். அவை மாவை உடைத்துச் சர்க்கரையாக்கி, சர்க்கரையை உடைத்து உயிர் வாழ்கின்றன. அப்படி உடைக்கும்போது எலெக்ட்ரான்கள் மிஞ்சும். நமக்கு என்றால் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ளும். அடிச்சேற்றில் ஆக்சிஜனுக்கு எங்கே போவது? ஆகவே தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் தலையிலேயே அந்த எலெக்ட்ரான்களைக் கட்டி, ஹைட்ரஜன் வாயுவாக வெளியே தள்ளிவிடுகின்றன. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஹைட்ரஜனேஸ் என்று பெயர். கூடவே அசெட்டிக் அமிலமும் பியூட்ரிக் அமிலமும் மிஞ்சும். முதலாவது வினிகரில் இருப்பது. இரண்டாவது, கெட்டுப்போன வெண்ணெயில் இருப்பது. உங்கள் வீட்டு ஜன்னலுக்குள் வருவதில் பாதி இந்த இரண்டாவது ஆசாமிதான். ஆய்வகத்தில் அது புடவையில் பட்டுவிட்டால் சோப்புக்கெல்லாம் மசியாது. சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே வரும்.

இனி, ஹைட்ரஜனைத் தின்பவர்கள். அதே சேற்றில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. ஹைட்ரஜன் குமிழி மேலே வருவதற்குள் அதைக் கார்பன்-டை-ஆக்சைடோடு சேர்த்து மீத்தேனாக்கிவிடும். அந்த ஹைட்ரஜனையே அசெட்டிக் அமிலமாக மாற்றித் தின்னும் இன்னொரு கூட்டமும் உண்டு. ஹைட்ரஜன் நம் கைக்கு வரவேண்டுமானால் இந்தத் தின்னிகளைத் தடுக்க வேண்டும். அதற்கு ஆய்வகங்களில் செய்வது ரொம்பச் சாதாரணமான வேலை. சாண எரிவாயுக் கலனில் இருந்து கொஞ்சம் கசடு எடுத்து அரை மணி, ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். மீத்தேன் கூட்டம் செத்துவிடும். கிளாஸ்ட்ரிடியம் மட்டும் கெட்டியான ஓட்டோடு வித்துகளாக மாறிக் கொதிப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆறியதும் சர்க்கரைத் தண்ணீர் கிடைத்தால் முளைத்துவிடும். பிறகு அமில அளவை, அதாவது பி.எச். அளவை, 5.5 பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொட்டியில் இருப்பதை ஒன்றிரண்டு நாளுக்குள் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீத்தேன் கூட்டம் மெதுவாகப் பெருகும் ஜாதி. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

லலிதா, மாம்பலம்: இட்லி மாவு பொங்குகிறதே, அதுவும் ஹைட்ரஜன்தானா?

இல்லை. அது கார்பன்-டை-ஆக்சைடு. லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் வேலை. தைரியமாக அடுப்பைப் பற்றவையுங்கள்.

எஸ். பாண்டியன், மதுரை: ஹோட்டல் நடத்துகிறேன். தினமும் 50 கிலோ சாப்பாட்டுக் கழிவு விழுகிறது. பன்றி வளர்ப்பவர்கள் வந்து எடுத்துப் போகிறார்கள். ஹைட்ரஜன் பிளான்ட் போட்டால் கேஸ் செலவு மிச்சமாகுமா?

ஆகாது. கையில் பணம் இருந்தால் சாதாரண பயோகேஸ் கலன் போடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன், நீங்களும் கணக்குப் பார்க்கிறவர்தான்.

50 கிலோ கழிவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சோறு, தோசைத் துண்டு, உருளைக்கிழங்கு என்று மாவும் சர்க்கரையுமாக ஒரு 7 கிலோ தேறும் என்று வையுங்கள். ஒரு கிலோ சர்க்கரையில் இருந்து இந்தப் பாக்டீரியாக்கள் நடைமுறையில் தருவது ஏறக்குறைய 22 கிராம் ஹைட்ரஜன். அதையும் நல்ல ஆய்வகத்தில், நல்ல நாளில்தான் தரும். ஆக உங்களுக்குத் தினம் 150 கிராம் சொச்சம். ஹைட்ரஜன் எடைக்கு எடை சக்தி அதிகமுள்ளது, கிலோவுக்கு 120 மெகாஜூல். ஆனாலும் 150 கிராம் 150 கிராம்தானே. சமையல் கேஸில் சொன்னால் 400 கிராமுக்குச் சமம். மாதம் முழுக்கச் சேர்த்தாலும் உங்கள் 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு வராது.

அதே 50 கிலோவை பயோகேஸ் கலனில், அதாவது மீத்தேன் கலனில், போட்டால் நாளுக்கு 5 கன மீட்டர் அளவுக்கு எரிவாயு எதிர்பார்க்கலாம். அது 2 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். மாதத்தில் மூன்று சிலிண்டர். காரணம் இதுதான்: ஹைட்ரஜன் தரும் பாக்டீரியா சர்க்கரையில் உள்ள சக்தியில் பெரும்பகுதியை அந்த அமிலங்களிலேயே விட்டுவிட்டுப் போகிறது. மீத்தேன் கூட்டம் அமிலத்தையும் விடாமல் வழித்துத் தின்கிறது. சர்க்கரையின் சக்தியில் 85 சதவீதம் வரை மீத்தேனில் போய்ச் சேர வழியுண்டு.

இன்னொன்று. தொட்டியில் இருந்து வருவது சுத்த ஹைட்ரஜன் அல்ல. பாதிக்குப் பாதி கார்பன்-டை-ஆக்சைடு. முட்டை, மீன், பருப்புக் கழிவு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அதைச் சுத்தம் பண்ண ஒரு சாதனம், அழுத்திச் சேமிக்க ஒரு சாதனம், அவற்றைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஓர் ஆள். பன்றிக்காரருக்கே கொடுத்துவிடலாம்.

ஜெயந்தி, பெருங்குடி: அப்பார்ட்மென்ட் பால்கனியில் சின்னதாக வைக்க முடியுமா?

ஒரு கிலோ காய்கறி, சோற்றுக் கழிவில் எல்லாம் சரியாக நடந்தால் 35 லிட்டர் ஹைட்ரஜன். கேட்க நிறைய மாதிரி இருக்கும். அடுப்பின் இழப்பு போக அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கும். இரண்டு டம்ளர் காபி. அந்த வெண்ணெய் வாடை எதிர்வீட்டுக்குப் போனால் அசோசியேஷன் கூட்டத்தில் உங்களுக்குக் காபி கிடைக்காது. மண்புழு உரம் போடுங்கள்.

ஹரிஹரன், பி.டெக். மாணவர், திருச்சி: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறில் இருந்து 12 ஹைட்ரஜன் மூலக்கூறு கிடைக்கும் என்று சமன்பாடு சொல்கிறது. ஏன் 2, 3-க்கு மேல் யாரும் தாண்டுவதில்லை?

நல்ல கேள்வி. தண்ணீரையும் சேர்த்து முழுக்க உடைத்தால் 12 வரும், சமன்பாடு சரி. ஆனால் பாக்டீரியா நமக்காக உழைப்பதில்லை. தனக்குக் கொஞ்சம் சக்தி மிஞ்ச வேண்டும். குளுக்கோஸை அசெட்டிக் அமிலம் வரை உடைத்தால் 4 ஹைட்ரஜன் வரும், பாக்டீரியாவுக்கும் கூலி கிடைக்கும். அந்த அசெட்டிக் அமிலத்தையும் இருட்டில் உடைத்து ஹைட்ரஜன் எடு என்றால், சக்தி வருவதற்குப் பதில் கையில் இருந்து போகும். எந்த உயிர் செய்யும்? ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ரூடால்ஃப் தௌவர் 1977-இல் எழுதிய கட்டுரையை ஒட்டி, இந்த 4 என்ற எல்லையை அவர் பெயராலேயே சொல்கிறார்கள். பியூட்ரிக் அமிலத்தின் பக்கம் திரும்பினால் 2 மட்டுமே. லாக்டிக் அமிலத்தின் பக்கம் போனால் ஒன்றுமே இல்லை. தொட்டியில் எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதால் சராசரி 1-க்கும் 2.5-க்கும் நடுவில் நிற்கிறது.

தொட்டியின் மேற்பகுதியில் ஹைட்ரஜன் கூடிக்கொண்டே போனாலும் ஹைட்ரஜனேஸ் சோர்ந்துவிடும். வாயுவை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். 70 டிகிரியில் வாழும் தெர்மோடோகா போன்ற பாக்டீரியாக்கள் 4-ஐ நெருங்குகின்றன, உண்மைதான். அந்தச் சூட்டைக் கொடுக்க விறகு வேண்டுமே!

மிஞ்சிய அமிலத்தை என்ன செய்வது என்பதில்தான் இன்றைய ஆராய்ச்சி நிற்கிறது. ஒரு வழி வெளிச்சம். ரோடோபாக்டர் போன்ற ஊதா நிறப் பாக்டீரியாக்கள் சூரிய ஒளியின் சக்தியை வைத்து அசெட்டிக் அமிலத்தையும் உடைத்து ஹைட்ரஜன் தரும். இந்த வகைப் பாக்டீரியா வெளிச்சத்தில் ஹைட்ரஜன் விடுவதை கெஸ்ட், கேமன் என்ற இருவர் 1949-இலேயே கண்டார்கள். ஆனால் இதைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதி, அம்மோனியா இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும். சாப்பாட்டுக் கழிவில் அம்மோனியாவுக்கா பஞ்சம்?

இரண்டாவது வழி மின்சாரம். பாக்டீரியா படிந்த மின்முனைக்குச் சின்னதாக ஒரு தள்ளு கொடுப்பது. தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்ய, அதாவது மின்சாரம் விட்டு ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, 1.23 வோல்ட்டாவது வேண்டும். இங்கே கணக்குப்படி 0.14 வோல்ட் அளவே போதும், நடைமுறையில் அரை வோல்ட் சுமார் கொடுக்கிறார்கள். 2005 வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவும், நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் காட்டின. பிறகு லோகன் குழு கலிஃபோர்னியாவின் நாபா பகுதியில் ஓர் ஒயின் ஆலைக் கழிவுநீரில் 1,000 லிட்டர் கலன் வைத்து ஓட்டியது. வந்த வாயுவைப் பார்த்தால் பெரும்பகுதி மீத்தேன்! செல்விக்குச் சொன்ன அதே தின்னிகள்தான். நீங்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இவற்றை அடக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பாக்டீரியா கண்டுபிடிக்கப் போகாதீர்கள், கூட்டம் அதிகம்.

வே. ராமநாதன், ஓய்வுபெற்ற ஆசிரியர், சிதம்பரம்: இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

பாக்டீரியா ஹைட்ரஜன் விடும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. எனக்குப் பிடித்தவர் மார்ஜரி ஸ்டீபன்சன் என்ற ஆங்கிலேய அம்மையார். கேம்பிரிட்ஜ் பக்கம் ஊஸ் நதியில் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவு கலந்து சேறு நுரைத்துக் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போகாமல், அந்தச் சேற்றில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர் அவர். ஸ்டிக்லேண்ட் என்பவரோடு சேர்ந்து 1931-இல் ஹைட்ரஜனேஸ் நொதிக்குப் பெயர் வைத்தார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் 1945-இல் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தபோது சேர்ந்த இருவரில் ஒருவர். சேலத்துத் திருமணிமுத்தாற்றங்கரையில் நின்று சாம்பிள் எடுத்த காலத்தில் அவரை நான் பலமுறை நினைத்ததுண்டு.

அதற்கும் முன்னால், முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கு அசிட்டோன் தேவைப்பட்டபோது, மான்செஸ்டரில் இருந்த கெய்ம் வைஸ்மன் மக்காச்சோள மாவில் கிளாஸ்ட்ரிடியத்தை வளர்த்து அசிட்டோன் எடுத்தார். பிற்காலத்தில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். அந்தப் பீப்பாய்களில் இருந்து வந்த வாயுவில் ஐந்தில் இரண்டு பங்கு ஹைட்ரஜன். சீந்துவாரில்லை. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பியோரியாவில்தான் ஓர் ஆலை அந்த வாயுவை மெத்தனால் செய்யப் பயன்படுத்தியது.

பிளஸ் ஒன் மாணவன், கோவில்பட்டி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்து காட்ட முடியுமா, மேடம்?

முடியும் தம்பி, வேதியியல் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால். பக்கத்துத் தோட்டத்துச் சாண எரிவாயுக் கலனில் இருந்து ஒரு டம்ளர் கசடு வாங்கு. வெட்டவெளியில் அடுப்பு வைத்து, பழைய பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவிடு (அம்மாவின் நல்ல பாத்திரம் வேண்டாம்). ஆறியதும் ஒரு லிட்டர் பாட்டிலில் வெல்லத் தண்ணீரோ வடித்த கஞ்சியோ முக்கால் அளவு ஊற்றி, கசடைச் சேர்த்து, அரை ஸ்பூன் ஆப்ப சோடா போடு. சோடா எதற்கென்றால், சேரும் அமிலத்தில் பாக்டீரியா தானே மூழ்கிவிடாமல் இருக்க. ரப்பர் கார்க்கில் ஒரு குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த அளவுக்குழாய்க்குள் விடு. நிழலில் வைத்தால் போதும், கோவில்பட்டி வெயிலே மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஓரிரு நாளில் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். குழாயை இடையில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் செலுத்தினால் பால் மாதிரி கலங்கும். அது கூட வரும் கார்பன்-டை-ஆக்சைடு. கொதிக்காத கசடு போட்ட இன்னொரு பாட்டிலையும் பக்கத்தில் வை. தினமும் இரண்டிலும் எவ்வளவு வாயு, என்ன பி.எச். என்று குறித்து அட்டவணை போடு. நடுவர்கள் கேள்வி கேட்கப்போவது அதில்தான்.

பாட்டிலை மூடியால் இறுக்காதே, வெடிக்கும். பலூனில் பிடித்து விளையாடாதே. காற்றில் 4 சதவீதத்தில் இருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், பகலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. சோதனைக்குழாய் வாயில் தீக்குச்சி காட்டிச் சத்தம் கேட்பதை ஆசிரியர் செய்யட்டும், நீ கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நில்.

மு. கார்த்திக், ஈரோடு: வாட்ஸ்அப்பில் ஒருவர் காய்கறிக் குப்பை பாட்டிலில் இருந்து நேராக ஸ்கூட்டர் ஓட்டுகிறார். பார்த்தீர்களா?

பார்த்தேன். ஸ்கூட்டரின் பெட்ரோல் டேங்க்கை மட்டும் காட்டவே இல்லை. 1996-இல் மூலிகை பெட்ரோல் பார்த்த ஊர் நாம்.

நூர்ஜஹான், தஞ்சாவூர்: பால் குடித்தால் வயிறு உப்புகிறது. டாக்டர் ஒரு கருவியில் ஊதச் சொல்லி ஹைட்ரஜன் அளவைப் பார்க்கிறார். என் வயிற்றுக்குள்ளுமா?

எல்லார் வயிற்றுக்குள்ளும்தான். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சிறுகுடலில் ஜீரணமாகாவிட்டால் பெருங்குடலுக்குப் போகும். அங்கே ஆக்சிஜன் இல்லை, பாக்டீரியா உண்டு. மேலே ஆத்தூர் குட்டையில் நடந்ததே இங்கும் நடக்கும். உண்டான ஹைட்ரஜனில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வரும். மனித உடம்பின் செல்கள் ஹைட்ரஜன் வாயு தயாரிப்பதில்லை. அதனால் மூச்சில் அது கூடினால் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போயிருக்கிறது என்று பொருள். பத்து லட்சத்தில் 20 பங்கு ஏறினாலே லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அவர் சொல்கிறபடி பாலைக் குறைத்துத் தயிருக்கு மாறிப் பாருங்கள்.

அ. இளங்கோ, கடலூர்: தமிழ்நாட்டில் யாராவது பெரிய அளவில் முயன்றிருக்கிறார்களா? அரசின் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

உங்கள் மாவட்டத்திலேயே முயன்றார்கள். சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தினர் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வளாகத்தில், ஆலைக் கழிவில் இருந்து ஹைட்ரஜன் எடுக்கும் சோதனைக் கலன்களை மத்திய அரசு உதவியோடு நிறுவினார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் தேபப்ரத தாஸ் குழு இதற்கென்றே எண்டரோபாக்டர் என்ற பாக்டீரியாவில் ஒரு ரகத்தை வளர்த்தது. ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி.யில் (இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம்) வெங்கட மோகன் கழிவுநீரில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். 2014-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றவர்.

தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் ஆனது. பணத்தின் கண் மின்னாற்பகுப்பின் மேல்தான். ஆனால் அதே ஆண்டு வந்த விதிமுறை, உயிர்க்கழிவில் இருந்து எடுப்பதையும் பசுமை என்று ஒப்புக்கொள்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் கார்பன்-டை-ஆக்சைடு கணக்கில் வரக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்த இடத்திலும் பாக்டீரியாவுக்குப் போட்டி இருக்கிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) தாசப்பா குழு விறகு, தேங்காய்ச் சிரட்டை போன்ற காய்ந்த கழிவை நீராவியும் ஆக்சிஜனும் விட்டுச் சூடாக்கி, கிலோவுக்கு 100 கிராம் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியது. அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பதே 60 கிராம்தான், மீதி நீராவியில் இருந்து வருகிறது. காய்ந்த கழிவென்றால் நான் நெருப்பின் கட்சி. தண்ணீராக ஓடும் கழிவை எரிக்க முடியாதே, அங்கேதான் பாக்டீரியாவுக்கு வேலை.

சேகோ ஆலை உரிமையாளர், ராசிபுரம் (பெயர் வேண்டாம் என்கிறார்): எங்களிடம் மூடிய பயோகேஸ் குட்டை இருக்கிறது. எரிவாயுவில் இன்ஜின் ஓடுகிறது. முன்னால் ஒரு ஹைட்ரஜன் தொட்டி சேர்த்தால் லாபமா?

இவ்வளவு கடிதங்களில் "செய்யலாம்" என்று மனதார எழுதுவது உங்களுக்கு மட்டும்தான். உங்கள் கழிவு தினமும் ஒரே மாதிரி, மாவு நிறைந்தது, ஏற்கெனவே புளித்துத்தான் வருகிறது. அதை நேராகக் குட்டையில் விடும்போது என்ன ஆகிறது? சீசன் உச்சத்தில் அமிலம் ஏறி, மீத்தேன் கூட்டம் முடங்கி, வாயு திடீரென்று விழும். இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முன்னால் சின்னதாக ஒரு தொட்டி, ஒரு நாள் தண்ணீர் நிற்கும் அளவுக்கு. மூடி போட்டது, கலக்கி உள்ளது. புளிப்பு வேலை முழுக்க அங்கே நடக்கட்டும். ஹைட்ரஜன் அங்கே வரும். மிஞ்சும் அமிலத் தண்ணீரை அளவாகக் குட்டைக்கு விடுங்கள், அதற்குப் பிடித்த சாப்பாடே அதுதான். ஹைட்ரஜனைத் தனியாகப் பிரித்து விற்க ஆசைப்பட வேண்டாம். இரண்டு வாயுவையும் கலந்தே இன்ஜினுக்குக் கொடுக்கலாம். மீத்தேனோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சேர்ந்தால் எரிதல் வேகமாகவும் சுத்தமாகவும் இருக்கும். டெல்லி ராஜ்காட் டிப்போவில் 2020-இல் 50 பஸ்களுக்கு 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன்) கொடுத்துச் சோதித்தார்கள். அந்த ஹைட்ரஜனை சி.என்.ஜி.யில் இருந்தே எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். கலவை இன்ஜினில் ஓடும் என்பது நமக்குப் போதும்.

கிழங்குத் தோல் கழுவிய தண்ணீரை மட்டும் இந்தத் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். தோலில் சயனைடு அதிகம், பாக்டீரியாவை அடித்துவிடும். திப்பி (மாவு எடுத்த பின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) வேண்டுமானால் பரவாயில்லை, அரைத்துக் கரைத்து விடலாம். தொட்டிக்கு இரும்பு வேண்டாம், அமிலம் அரித்துவிடும். வாயுக் குழாயில் தீ பின்வாங்காமல் தடுக்கும் சாதனம் கட்டாயம். தற்போது குட்டைக்குள் போகும் தண்ணீரின் பி.எச்., ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், இன்ஜின் என்ன மாடல் என்பதை எழுதி அனுப்புங்கள். தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று சொல்கிறேன்.